சுற்றி வளைக்காமல் கேட்கும் தொலைபேசி: பிரிட்டனின் பப்பைரஸ் சேவை எப்படி?

பிரிட்டனில் மனநல உதவி எண்களுக்குப் பஞ்சமில்லை. ரயில் நிலையத்தில் ஒன்று, பல்கலைக்கழகக் கழிப்பறைக் கதவில் இன்னொன்று என்று ஒட்டியிருக்கும். அவற்றில், இளையோர் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் பப்பைரஸ் அமைப்பின் ஹோப்லைன்247 என்ற தொலைபேசிச் சேவையை மட்டும் தனியாக எடுத்து எழுதக் காரணம் உண்டு. அது செய்கிற வேலையே வேறு. அது தெரியாமல், அதுவும் ஓர் ஆறுதல் லைன்தானே என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

லங்காஷயரைச் சேர்ந்த ஜீன் கெர் என்ற தாய் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். அதே துயரத்தில் இருந்த வேறு சில பெற்றோருடன் சேர்ந்து 1997-ல் இந்த அறக்கட்டளையைத் தொடங்கினார். பண்டை எகிப்தியர் எழுதிய பப்பைரஸ் என்ற கோரைப்புல் தாளுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. 'இளையோர் தற்கொலைத் தடுப்புக்கான பெற்றோர் சங்கம்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர். தலைமையகம் வாரிங்டனில். பெற்றோர் தொடங்கியது என்பது அவர்களுடைய வரலாற்றுப் பக்கத்தோடு நின்றுவிடவில்லை, யார் அழைக்கலாம் என்ற விதியிலேயே இருக்கிறது. தற்கொலை எண்ணம் உள்ள 35 வயதுக்குட்பட்டவர் அழைக்கலாம். அப்படி ஓர் இளையவரை நினைத்துப் பயப்படுகிற யாரும் அழைக்கலாம். அம்மா, அறைத்தோழன், வகுப்பாசிரியர், கால்பந்துப் பயிற்சியாளர் யாரானாலும் சரி, அழைப்பவருக்கு வயது வரம்பு இல்லை. இந்த இரண்டாவது கதவு இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

எண் 0800 068 4141. பிரிட்டனுக்குள் லேண்ட்லைனிலிருந்தும் மொபைலிலிருந்தும் இலவசம். பேச முடியாதவர்கள் 88247-க்கு குறுஞ்செய்தி அனுப்பலாம், மின்னஞ்சலும் உண்டு. முன்பு நள்ளிரவோடு மூடிவிடுவார்கள். 2023-ல்தான் 24 மணி நேரச் சேவையாக்கிப் பெயரையும் மாற்றினார்கள். விடுதி அறையில் தனியாக இருக்கிறவனுக்கு இரவு 12-க்கும் விடியற்காலை 5-க்கும் இடைப்பட்ட நேரம்தான் நீளமானது. அந்த நேரத்தில் மூடிக் கிடந்த லைனைத் திறந்துவிட்டது, இத்தனை ஆண்டுகளில் இவர்கள் செய்த மாற்றங்களிலேயே பெரியது.

எதிர்முனையில் பேசுகிறவர் பயிற்சி பெற்ற தற்கொலைத் தடுப்பு ஆலோசகர். இந்த இடத்தில் சமாரிட்டன்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 1953-ல் சாட் வாரா தொடங்கிய அந்த அமைப்பு (116 123) தன்னார்வலர்களால் நடப்பது. முழுக்கக் காது கொடுத்துக் கேட்பார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள், வயது வரம்பு கிடையாது. மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்க்க அதுவே சரியான இடம். பப்பைரஸில் கேட்பதோடு நிறுத்துவதில்லை. இன்றிரவை எப்படிக் கடத்துவது, நாளைக் காலை யாரிடம் போவது என்று சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். ஆறுதலை மட்டும் எதிர்பார்த்து அழைப்பவருக்கு இது கொஞ்சம் கறாராகத் தோன்றலாம்.

ஏனென்றால் தொடக்கத்திலேயே நேரான கேள்வி வந்துவிடும்: தற்கொலை செய்துகொள்வது பற்றி யோசிக்கிறாயா? அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்பார்கள். கேட்பதாலேயே அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, கேட்பதால் எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை என்றது. நாமோ என்ன கேட்கிறோம்? "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டியே?" அதில் பதிலையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். "சேச்சே, இல்லம்மா" என்பதைத் தவிர அந்தப் பிள்ளை வேறு என்னதான் சொல்ல முடியும்? 'தப்பு' என்றபோதே தீர்ப்பு வந்தாயிற்று, 'மாட்டியே' என்றபோது கெஞ்சலும் வந்தாயிற்று. பப்பைரஸ் தன் தளத்தில் வைத்திருக்கும் உரையாடல் தொடக்கக் குறிப்புகள் இந்த ஓர் இடத்தைச் சரிசெய்யத்தான். அவற்றின் சாரத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நீ சொல்றதக் கேட்டா, தற்கொலை பண்ணிக்கலாம்னு யோசிக்கிற மாதிரி எனக்குப் படுது. அப்படியா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமான பாதி அதுதான்.

ஆம் என்று பதில் வந்தால் அடுத்தது பாதுகாப்புத் திட்டம். உலகெங்கும் இன்று அதிகமாகப் புழங்குவது அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த ஆறு படி வடிவம். பப்பைரஸ் ஆலோசகர்கள் செய்வதும் அந்தத் தடத்தில்தான். ஒரு பக்கத் தாள் போதும். சரியாக நிரப்பினால் உயிரைக் காக்கும்; ஏனோதானோ என்று நிரப்பினால் வெறும் படிவம்.

முதல் படி, எச்சரிக்கைக் குறிகள். "மனசு சரியில்லாதபோது" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. "வீட்டிலிருந்து வரும் அழைப்பை இரண்டு நாள் எடுக்காமல் விடுவது, திரைச்சீலையைப் பகலிலும் மூடியே வைத்திருப்பது, இரவு 2 மணிக்குப் பழைய மெசேஜ்களைத் தோண்டிப் படிப்பது" என்று எழுத வேண்டும். தன்னைத் தானே கண்டுபிடிக்க அவருக்கே உதவுகிற குறிகள் இவை. இரண்டாவது, யார் துணையும் இல்லாமல் தானே செய்யக்கூடியவை. எல்லோரும் "மூச்சுப் பயிற்சி" என்று எழுதுவார்கள், ஒருவரும் செய்ய மாட்டார்கள். நேற்று இரவு எதைச் செய்து கடத்தினாய் என்று கேட்டால் உண்மையான பதில் வரும்: குளித்தேன், பாத்திரம் கழுவினேன், பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்தேன். எழுத வேண்டியது அதைத்தான். மூன்றாவது, விஷயத்தைச் சொல்லாமலேயே போய் இருக்கக்கூடிய இடங்களும் ஆட்களும். அந்த இடம் இரவில் திறந்திருக்குமா என்று பார்க்காமல் எழுதுவது வழக்கமான பிழை.

நான்காவது, விஷயத்தைச் சொல்லக்கூடிய ஆட்கள். இதில் அம்மா, அப்பா பெயர் இல்லாமல் போவது சாதாரணம். அதற்காகப் பெற்றோர் மனம் உடைய வேண்டாம். மிக நெருங்கியவரிடம் சொல்வதுதான் மிகக் கடினம். சித்தியோ அத்தை மகனோ இருந்தாலும் போதும். ஐந்தாவது, தொழில்முறை உதவி. குடும்ப டாக்டரின் எண்ணை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள், இரவில் அந்த எண்ணில் யாரும் எடுக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழு கிடைக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. இரண்டையும் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

ஆறாவதுதான் சங்கடத்தால் தாண்டிவிடுகிற படி: ஆபத்தானதைக் கைக்கெட்டாமல் வைப்பது. "நானே அப்புறம் எடுத்துப் போட்டுடறேன்" என்பது திட்டம் ஆகாது. யார், எப்போது எடுப்பார், எங்கே கொண்டு போவார் என்று பெயரும் நேரமும் வேண்டும், அதுவும் அன்றைக்கே. வீட்டு மருந்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்வது போன்ற சாதாரண ஏற்பாடுகள்தான். நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நீடிப்பதில்லை, அந்த நேரத்தைத் தாண்டவைப்பதே இந்தப் படியின் வேலை.

திட்டம் ஏன் பலிக்காமல் போகிறது என்றால், ஆலோசகரின் மொழியில் எழுதப்பட்டிருக்கும், அல்லது நான்கு பக்கத்துக்கு நீண்டிருக்கும், அல்லது லேப்டாப்பில் எங்கோ கிடக்கும். எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடுவது எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,640 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. திட்டத்தோடு தொடர் தொலைபேசி அழைப்புகளும் பெற்றவர்களிடம் அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தைகள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. தாளும் அழைப்பும் சேர்ந்து தந்த பலன் அது, தாளுக்கு மட்டும் அந்தக் கணக்கைக் கொடுக்கக் கூடாது. பப்பைரஸின் ஹோப்லிங்க் தளம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது: திட்டத்தை இணையத்தில் வைத்துத் திருத்திக்கொள்ளலாம், மறுபடி அழைக்கும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளில் இந்தத் திட்டத்துக்கு ஒரு போட்டியாளர் உண்டு, சத்தியம். "என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு, இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு." மேல்நாட்டு மருத்துவமனைகளிலும் இதன் அண்ணன் ஒன்று இருந்தது, 'செய்துகொள்ள மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம். அது காப்பாற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை. அதைவிட மோசம், எண்ணம் திரும்பி வரும்போது சத்தியம் வாங்கிய அம்மாவிடமே பிள்ளையால் அதைச் சொல்ல முடியாமல் போவது.

கவலைப்பட்டு அழைக்கிறவருக்கு என்ன கிடைக்கும்? மகள் லெஸ்டரில் படிக்கிறாள், குரல் மாறியிருக்கிறது, பல்கலைக்கழகத்தைக் கேட்டால் அவளுக்கு 18 ஆகிவிட்டது, எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி அழைக்கும் தாயிடம் என்ன கவனித்தீர்கள், எப்போதிலிருந்து என்று கேட்டு, மகளிடம் எந்த வார்த்தையில் கேட்பது என்பதை ஆலோசகர் சேர்ந்தே யோசிப்பார். தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம்: பல்கலைக்கழகம் உங்களுக்குத் தகவல் தர மறுக்கலாம், நீங்கள் தரும் தகவலைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நலப் பிரிவுக்குத் தேதியோடு எழுதி அனுப்பலாம். இதே லைனில், நெருக்கடியில் இருந்த இளையவரைக் கையாண்ட ஆசிரியரோ செவிலியரோ பிறகு தன் மனதை இறக்கி வைக்கவும் இடம் தருகிறார்கள். இது அதிகம் பேசப்படாத நல்ல அம்சம்.

தொலைபேசிச் சேவை போக, பப்பைரஸ் நடத்தும் தற்கொலைத் தடுப்புப் பயிற்சிகள் தனி வரிசை. ஸ்பார்க் மிகச் சிறிய அறிமுகம், ஸ்பீக் ஒன்றரை மணி நேரம், ஸ்பாட் அரை நாள், அசிஸ்ட் முழுதாக 2 நாள். கடைசியது இவர்களுடையதன்று, கனடாவில் 1983-ல் உருவாகி உலகெங்கும் போய்ச் சேர்ந்த பாடம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள், கோயில் இளைஞர் குழு வைத்திருப்பவர்கள் கேட்டால் ஸ்பீக்கில் தொடங்கச் சொல்வோம். எல்லோரையும் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அதிலிருந்து இருவரை அசிஸ்டுக்கு அனுப்பலாம். 20 பேரை நேராக அசிஸ்டுக்கு அனுப்பினால் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆறு மாதத்தில் பாதி மறந்துபோகும். ரிஸ்க் மதிப்பெண் போடும் கேள்வித்தாளை யாராவது பயிற்சி என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். யார் தற்கொலைக்கு முயல்வார் என்று கணிக்க அத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது.

பள்ளிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்றும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கிறது. தடுப்பது, தலையிடுவது, இறப்புக்குப் பிறகு கையாள்வது என்று மூன்று பகுதி. பள்ளிகள் தடுமாறுவது மூன்றாவதில்தான்: மொத்தப் பள்ளியையும் மண்டபத்தில் கூட்டி அறிவிப்பது, எப்படி நடந்தது என்று விவரிப்பது, இறந்த மாணவரைத் தியாகி போல ஆக்குவது. சிறு குழுக்களாக, தெரிந்த ஆசிரியர் வாயால், எளிய உண்மையாகச் சொல்வதே பாதுகாப்பு.

அமைப்பின் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது மூன்று அப்பாக்களின் கால்களால். மகள்களைப் பறிகொடுத்த ஆண்டி ஏரி, மைக் பால்மர், டிம் ஓவன் மூவரும் 2021 அக்டோபரில் கம்ப்ரியாவிலிருந்து நார்ஃபோக் வரை 300 மைல் நடந்து பப்பைரஸுக்குப் பணம் திரட்டினார்கள். மறு ஆண்டு லண்டன், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு நாடாளுமன்றங்களை இணைத்து 600 மைல். பள்ளிப் பாடத்தில் தற்கொலைத் தடுப்பு வேண்டும் என்பது அவர்கள் அப்போது வைத்த கோரிக்கை.

குறைகள்? 35 என்ற கோடு கறாரானது. 40 வயது அண்ணன் தனக்காக அழைக்க இது இடமில்லை, அவர் 116 123-க்கோ 111-க்கோதான் போக வேண்டும். இது தொடர் சிகிச்சையும் இல்லை. வாரா வாரம் பேச ஆள் வேண்டும் என்றால் டாக்டர் வழியாகத்தான். குறுஞ்செய்தியில் பேசும்போது இரு பதில்களுக்கு இடையில் நேரம் போகும் என்பதால், நெருக்கடி முற்றியிருந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் குரலில் பேசுவது நல்லது.

சேவை பிரிட்டனுக்கானது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. பிரிட்டனில் பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோர் இங்கிருந்து 0800 எண்ணுக்கு முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பிள்ளையின் பல்கலைக்கழகப் பாதுகாவலர் (செக்யூரிட்டி) அறையின் நேரடி எண்ணை +44 சேர்த்து இப்போதே போனில் சேமித்து வையுங்கள். நள்ளிரவில் அந்த அறைக்கதவைப் போய்த் தட்டக்கூடியவர்கள் அவர்கள்தான்.