கர்ப்-65, 4சி: கோவிட் நோயாளிக்கு எந்த மதிப்பெண்?

இரண்டுமே நோயாளி இறக்கும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் முறைகள்; மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடும். நிமோனியாவுக்கான கர்ப்-65 (CURB-65) பழையது, 2003-இல் வந்தது. மனக்குழப்பம், யூரியா, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், 65 வயது ஆகிய ஐந்தில் வரம்பு மீறும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். விரல்விட்டு எண்ணிவிடலாம். யூரியாவைத் தவிர மற்றதுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

4சி (4C), 2020-இல் பிரிட்டன் மருத்துவமனைகளின் கோவிட் நோயாளிகளை வைத்தே உருவானது. எட்டு விவரங்கள், மொத்தம் 21 மதிப்பெண். 80 வயதைத் தொட்டாலே 7 சேர்ந்துவிடும்!

பெரிய வித்தியாசம் ஆக்ஸிஜன்தான். கர்ப்-65 அதைக் கேட்பதே இல்லை. 40 வயது ஆண் என்று வைத்துக்கொள்வோம். வேறு நோயில்லை, தெளிவாகப் பேசுகிறார், ரத்த அழுத்தமும் யூரியாவும் சரி, மூச்சு நிமிடத்துக்கு 26. ஆனால் ஆக்ஸிஜன் அளக்கும் விரல்கருவி 86 சதவீதம் காட்டுகிறது. மூச்சு வேகம் கர்ப்-65-இன் வரம்பைத் தொடவில்லை, அதனால் அதில் இவருக்குப் பூஜ்யம், 'வீட்டுக்குப் போகலாம்' ரகம். 4சி-யில் ஆண் என்பதற்கு 1, மூச்சுக்கு 1, ஆக்ஸிஜனுக்கு 2, அப்புறம் சிஆர்பி (உடலின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 100-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் 2. ஆக 6, நடுத்தர ஆபத்து. மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்ஸிஜன் இறங்கும் நோய்க்குக் கர்ப்-65 பொருந்தவில்லை என்றுதான் சொல்வேன்.

அதற்காக 4சி-யையும் அப்படியே நம்ப வேண்டாம். அது உருவானது தடுப்பூசி வருவதற்கு முன். அது காட்டும் இறப்பு விகிதம் இன்றைய வார்டில் கூடுதலாகத் தெரியலாம். சிஆர்பி வசதியில்லாத சிறிய மருத்துவமனையில் முழுதாகப் போடவும் முடியாது. அங்கே கர்ப்-65-ஐப் போட்டாலும், விரல்கருவியைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.