பிட்யூட்டரி அறுவைக்குப் பிறகு ஹைட்ரோகார்ட்டிசோனா, பிரெட்னிசலோனா?

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்த பிறகு, நோயையும் அழுத்தத்தையும் தாங்க உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அக்காவுக்குப் போதிய அளவு சுரக்கவில்லை. அப்படித்தான் இந்த இரண்டு மாத்திரைகளும் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது உடம்பு சுரக்கிற அதே கார்ட்டிசால்தான். ஆனால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதனால் ஒரு நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். கண் விழித்ததும் பெரிய பங்கு, கடைசி வேளை சாயங்காலத்துக்குள், தாமதமானால் ராத்திரித் தூக்கம் போய்விடும். அக்கா தலையணைக்குப் பக்கத்திலேயே மாத்திரையும் தண்ணீரும் வைத்திருப்பாள், எழுந்து உட்காரும் முன்பே முதல் வேளை முடிந்துவிடும்.

பிரெட்னிசலோன் காலையில் 3 முதல் 5 மில்லிகிராம், ஒரே வேளை. விலையும் குறைவு. மதிய மாத்திரையை மறக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் எடை, சர்க்கரை, எலும்பு என்று பாதிக்கும், அப்புறம் சுரப்பி மீண்டதா என்று பார்க்கும் காலை கார்ட்டிசால் பரிசோதனையில் இந்த மருந்தும் சேர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டலாம்.

அதனால் முதல் சில மாதங்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன்தான் சரி என்பேன்.

எதுவானாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, உடனே ஆஸ்பத்திரி. அறுவைக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, கார்ட்டிசால் குறையைச் சரிசெய்யாமல் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கக் கூடாது.