தரையில் ஒட்டிய டேப்: புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு நான்கு வருடம்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு ஹால் 16-க்கு 12 அடி. டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர். கை தட்டினால் 'டங்'கென்று திரும்பி வரும். இதில் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை (அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சிறிய பெட்டிகள்) வைத்து நான்கு வருடமாகிறது.

முதல் ஒன்றரை வருடம் அவை ஷோகேஸில், சுவரை ஒட்டியே இருந்தன. மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) அடி விழும்போது குடத்துக்குள் அடித்தது போல 'தொம்' என்று நீளும், அடுத்த அடி அதில் மூழ்கிவிடும். ஆம்ப்ளிஃபையர்தான் சரியில்லை என்று நினைத்து வேறொன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அதே தொம். தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவக்கூடியது. பின்சுவர் பக்கத்திலேயே இருந்தால் பட்டுத் திரும்பி, நேராக வருவதோடு சேர்ந்து கனத்துவிடும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம்.

சரி என்று தெரிந்த வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய் ஸ்டாண்டு செய்யச் சொல்லி, உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னே இழுத்து வைத்தேன். அன்றே தொப்பி தனியாக, வலந்தலை (வலப்பக்கம்) தனியாகக் கேட்டது. இரண்டு பெட்டிக்கும் நடுவே 7 அடி, என் நாற்காலிக்கு 8 அடி.

அப்புறம்தான் திருப்பும் வேலை. உயர்ந்த ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, முன்னே குவிந்து போகும். பெட்டிகள் நேராகப் பார்த்தபோது பாதி பக்கச்சுவரில் பட்டுச் சிதறியது. குரல் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் என் காதைப் பார்த்துத் திருப்பினால் குரல் நடுவில் நின்றது, ஆனால் 'ஸ', 'ச' எல்லாம் குத்தியது. இரண்டு பெட்டியும் பார்க்கும் கோடுகள் என் தலைக்கு ஓர் அடி பின்னால் சந்திக்கும்படி நூல் பிடித்து வைத்தபோது அடங்கியது. ஒரு மாலை முழுக்க அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தினேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இடப்பக்கச் சுவர் மட்டும் தொல்லை கொடுத்தது. மனைவி சுவரோரம் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து நகர்த்த, உட்கார்ந்த இடத்திலிருந்து ட்வீட்டர் (பெட்டியில் உயர்ந்த ஒலி தரும் சின்ன யூனிட்) அதில் எங்கே தெரிகிறதோ, ஒலி பட்டுத் திரும்பும் அந்த இடத்தில் முதலில் மெல்லிய திரை போட்டோம். பயனில்லை. பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துத் தொங்கவிட்டதும் கூர்மை குறைந்தது.

உயரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் என் காது 38 அங்குலத்தில் இருக்கிறது. தரையில் சம்மணமிட்டால் 28 கூட வராது. அப்போது பெட்டியில் உள்ள இரண்டு யூனிட்டின் (ட்வீட்டர், தாழ்ந்த ஒலி தரும் வூஃபர்) ஒலியும் ஒன்றாக வந்து சேராமல் குரல் மெலிந்துவிடும். தரையில் உட்காரும் நாளில் பெட்டியின் பின்பக்கம் ரப்பர் கட்டை கொடுத்து முன்னே குனிய வைக்கிறேன்.

அம்மா உட்காருவது ஜன்னலோரம், வலது ஓரத்தில். "எனக்கு ஒரு பக்கம்தான் கேக்குது கண்ணு" என்பார். பெட்டிகளை இன்னும் உள்ளே திருப்பி, கோடுகள் எங்களுக்கு முன்னாலேயே வெட்டிக்கொள்ளும்படி வைத்தேன். பக்கத்துப் பெட்டி அவர் பார்வையிலிருந்து விலகிச் சற்று அடங்கியது, தூரத்துப் பெட்டி அவரை நேராகப் பார்த்தது. குரல் ஓரளவு நடுவுக்கு வந்தது. எனக்குத் துல்லியம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

வீடு துடைக்கும்போது ஸ்டாண்டு நகர்ந்துவிடும் என்பதால் தரையில் டேப் ஒட்டியிருக்கிறேன். வெள்ளை டேப் இரவில் தனியாகக் கேட்க, சிவப்பு டேப் ஞாயிறு காலை அம்மாவோடு கேட்க.