கனத்த பீமுக்கு எந்த ஸ்லாப்? ரிப்-பிளாக், முழுக் கான்கிரீட், ஹாலோகோர்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பழைய வீடுகளில் பலருக்கும் ஒரே ஆசைதான்: கீழே ஒரு உள்சுவரை எடுத்துவிட்டுக் காவடி அன்று பந்தி போடுகிற அளவுக்கு ஹால், மேலே இரண்டு அறை. சுவர் போன இடத்தில் 6 மீட்டருக்கு ஒரு பீம் வரும், அதன் தலையில் மாடிச் செங்கல் சுவர் ஏறும். 230 மில்லிமீட்டர் சுவர், 2.7 மீட்டர் உயரம், இரு பக்கமும் பூச்சு என்றால் மீட்டருக்குச் சுமார் 1.3 டன். இதை விட்டுவிட்டு எல்லோரும் முதலில் கேட்பது ஸ்லாப் சதுர மீட்டர் என்ன விலை என்றுதான். பெரியப்பா வீட்டுக்கு நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

டர்பனில் வீட்டு வேலைக்கு முதலில் காதில் விழுவது ரிப்-பிளாக்: வரிசையாக வைத்த மெல்லிய கான்கிரீட் ரிப்களுக்கு இடையே பிளாக் அடுக்கி, மேலே கான்கிரீட் ஊற்றுவது. இலேசு, பலகை அடைப்பு குறைவு, ரிப்பையும் பிளாக்கையும் ஆளே தூக்கி மாடிக்கு ஏற்றிவிடலாம், முட்டு மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் அது சுமையை ஒரே திசையில்தான் கொண்டுபோகும். 4-க்கு 6 மீட்டர் அறை, ஸ்லாப்பும் மேல்சுமையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 14.4 டன். ரிப் குறுக்கே 4 மீட்டர் ஓடி நம் 6 மீட்டர் பீமில் உட்கார்ந்தால் பாதி, அதாவது 7.2 டன், அந்தப் பீமுக்கு. பீமின் மறுபக்கமும் அறை இருந்தால் இரட்டிப்பு. அதே ரிப்பைப் பீமுக்கு இணையாகத் திருப்பினால் சுமை கடைசிச் சுவர்களுக்குப் போய்விடும், பீமுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. ரிப் 6 மீட்டர் ஓடவேண்டியிருப்பதால் ஸ்லாப் தடிமன் கூடும், சரி, அது கொடுக்கத் தகுந்த விலை.

முழுக் கான்கிரீட் ஸ்லாப் நான்கு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். அதே அறையில் நீளப் பீமுக்கு 4.8 டன்தான். ஸ்லாப்பே கனமானது என்பதால் அந்த லாபத்தில் கொஞ்சம் போய்விடும். அதன் உண்மையான பலம் வேறு: பீமோடு ஒன்றாக வார்க்கும்போது ஸ்லாப் பீமின் மேல்பட்டையாகி டி வடிவத்தில் அழுத்தத்தைத் தாங்குகிறது. ரிப்-பிளாக்கிலும் இதைப் பெறலாம், பீமுக்கு இரு பக்கமும் பிளாக்கை முன்கூட்டியே நிறுத்தி அந்தப் பட்டையைக் கான்கிரீட்டால் நிரப்பினால். ரிப் விற்கிற இடத்து வரைபடம் பெரும்பாலும் ஸ்லாப்போடு நின்றுவிடும், பீமை உங்கள் இன்ஜினியர்தான் போடவேண்டும். ஸ்லாப் பீமைத் தாண்டிப் போகிற இடத்தில் மேல்கம்பி போடாமல் விட்டால் பீம் ஓரமாகவே நீளவாக்கில் வெடிப்பு வரும், அதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஹாலோகோர் என்பது உள்ளே நீளத் துளைகள் விட்டுத் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகை. அதற்கு முட்டே வேண்டாம், நீளமாக ஓடும். ஆனால் கிரேன் வேண்டும், எங்கள் மேட்டுத் தெருவில் கிரேன் எங்கே நிற்கும்? பீமில் சும்மா உட்காருவதால் மேல்பட்டை உதவியும் கிடைக்காது. கடைக்கும் கிடங்குக்கும் நல்லது.

தலை இடிக்கிறது என்று பீமை மேலே தூக்கி மாடிச் சுவருக்குள் ஒளிக்கச் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் ஸ்லாப் அப்போது பீமின் அடியில் தொங்குகிறது, வளையக் கம்பிகள் அதைத் தூக்கிப் பிடிக்கவேண்டும்; நடுவில் ஸ்லாப் இழுவிசைப் பக்கம் இருப்பதால் டி வடிவ உதவியும் போச்சு. கம்பி விஷயத்தில் கை சுருக்கவே கூடாது. 2013 நவம்பரில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து இரண்டு பேர் இறந்தார்களே, விசாரணையில் பேசப்பட்டதும் பீமில் குறைந்த கம்பிதான்.

பெரியப்பா வீட்டில் கடைசியில் ரிப்-பிளாக், பீமுக்கு இணையாக, பக்கத்தில் கான்கிரீட் பட்டையோடு. எல்லாம் முடிந்தபின் அவர், “தண்ணி அடிக்கடி நிற்குது தம்பி, 2500 லிட்டர் ஜோஜோ தொட்டியை மாடியில் வைக்கலாமா?” என்றார். ஒன்றரை சதுர மீட்டரில் இரண்டரை டன். வீட்டுத் தளத்துக்கு ஆள், சாமான் என்று நாம் கணக்கிட்டது சதுர மீட்டருக்கு 150 கிலோ. தொட்டி இப்போது கொல்லையில், தரையில் நிற்கிறது.