டாம்கேட்டுக்கு வெளியே ஒரு ஃபோல்டர்: 2015 முதல் இன்றுவரை

ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கை அப்ளிகேஷனை 2015 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜாவாவில் எழுதியது, ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வரில் ஓடுகிறது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ என்று மாணவர்கள் ஏற்றும் ஃபைல்களை எங்கே வைப்பது என்ற ஒரே கேள்வி இத்தனை வருடமாக என்னோடு வருகிறது. இன்னொருவர் அதே வழியில் நடந்து அடிபட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம், அப்ளிகேஷன் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கெட்ரியல்பாத் மெதடைக் கூப்பிட்டு, வார் ஃபைல் (அப்ளிகேஷன் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய ஃபைல்) விரிந்திருந்த வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே ஃபைல்களை எழுதினேன். சேர்க்கை நடந்துகொண்டிருந்த ஜூன் மாதம் ஒரு சின்னத் திருத்தத்துக்காகப் புது வார் ஃபைலைப் போட்டேன். டாம்கேட் பழைய விரிந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக விரித்தது. அது அப்படித்தான் வேலை செய்யும், தவறு அதனுடையது அல்ல. டேட்டாபேஸில் வரிசைகள் இருந்தன, ஃபைல்கள் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போன் செய்து மறுபடி ஏற்றச் சொன்னோம். மாவட்டத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பெண், ஸ்கேன் எடுக்க மீண்டும் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும் என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றே டாம்கேட்டுக்கு வெளியே, சர்வரின் எஸ்ஆர்வி டைரக்டரிக்குள் தனி ஃபோல்டர் போட்டேன். அதிலிருக்கும் ஃபைல்களை ஒரு யூஆர்எல்லில் காட்ட வேண்டும். அப்போதிருந்த டாம்கேட் 7-இல் இது சுலபம். அப்ளிகேஷனின் அமைப்புகளைச் சொல்லும் கான்டெக்ஸ்ட் ஃபைலில், கான்டெக்ஸ்ட் டேகில் ‘அலியாஸஸ்’ என்று ஒரு ஆட்ரிபியூட், அதில் யூஆர்எல் பாதையும் டிஸ்க் பாதையும். 2018-இல் 8.5-க்கு மாறியபோது அந்த ஆட்ரிபியூட்டே கிடையாது என்று தெரியாமல் பழைய கான்டெக்ஸ்ட் ஃபைலையே எடுத்துப் போட்டேன். சர்வர் நன்றாகவே கிளம்பியது. பொருந்தும் ப்ராப்பர்ட்டி கிடைக்கவில்லை என்று லாகில் ஒற்றை வார்னிங் வரி. படங்கள் எல்லாம் 404, அதாவது ‘கிடைக்கவில்லை’.

டாம்கேட் 8 முதல் அந்த இடத்துக்கு வந்தது ரிசோர்சஸ் டேக். அதற்குள் ப்ரீரிசோர்சஸ், போஸ்ட்ரிசோர்சஸ் என்று இரண்டு உண்டு. ஒரே பெயரில் இரண்டு பக்கமும் ஃபைல் இருந்தால், ப்ரீ என்றால் வெளி ஃபோல்டரில் இருப்பது ஜெயிக்கும், போஸ்ட் என்றால் அப்ளிகேஷனுக்குள் இருப்பது. கல்லூரி லோகோவை வார் ஃபைலைத் தொடாமல் மாற்ற ப்ரீ அருமையான வசதி. ஆனால் பயனர் ஏற்றும் ஃபைல்களுக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஃபோல்டர் இப்போது அப்ளிகேஷனின் ஒரு பகுதி. யாராவது ஜேஎஸ்பி ஃபைல் (ஜாவா கோடு அடங்கிய வெப் பக்கம்) ஒன்றை ஏற்றி அதன் முகவரியைத் திறந்தால், டாம்கேட் அதைக் கம்பைல் செய்து ஓட்டும். சோதனை சர்வரில் செய்து பார்த்தேன், ஓடியது. அன்றிரவு தூங்கவில்லை.

அப்புறம் வழியை மாற்றினேன். சான்றிதழ்கள் எந்த யூஆர்எல்லோடும் நேரடியாக இணையவில்லை. ஒரு சர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கோடு), லாகின் யாருடையது என்று பார்த்து, பாதையை நார்மலைஸ் செய்து, அதாவது இரட்டைப் புள்ளி போன்றவற்றை நீக்கி நேராக்கி, அது நம் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஃபைலை அனுப்புகிறது. எல்லாரும் பார்க்கலாம் என்கிற ப்ராஸ்பெக்டஸ், அறிவிப்புகள் மட்டும் வேறொரு ஃபோல்டரில். அதை டாம்கேட்டுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நேரடியாகத் தருகிறது.

அங்கும் ஒரு சிக்கல் வந்தது. அறிவிப்பை அப்ளிகேஷன் வழியாக ஏற்றினால் என்ஜின்எக்ஸ் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்று தந்தது. காரணம், டாம்கேட்டைக் கிளப்பும் கேட்டலினா ஸ்க்ரிப்டில், புது ஃபைல்களின் அனுமதியைக் குறைக்கும் யூமாஸ்க் 0027 என்று இருப்பது. ஃபைல் 640 அனுமதியோடு பிறக்கும், ஓனரும் அவர் க்ரூப்பும் படிக்கலாம், வெளியாருக்குப் படிக்க உரிமை இருக்காது. 777 போட்டு எல்லாருக்கும் எல்லா உரிமையும் தந்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம். என்ஜின்எக்ஸ் ஓடும் யூசரை டாம்கேட் க்ரூப்பில் சேர்த்தால் போதும்.

உபுண்டு 20.04-க்குப் போய் அதன் டாம்கேட் 9 பேக்கேஜைப் போட்டபோது பாதி நாள் போனது. ஓனர் சரி, அனுமதி சரி, ஆனாலும் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்ற பிழை. டிஸ்கில் கோளாறு என்று நினைத்து அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த பேக்கேஜின் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிப்பது) சர்வீஸ் ஃபைல், குறிப்பிட்ட சில ஃபோல்டர்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் டாம்கேட்டுக்குப் பூட்டி வைத்திருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் நம் ஃபோல்டரைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இவை எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது தமிழ்ப் பெயர்தான். ஒரு மாணவர் ‘அப்பா’, ‘அம்மா’ என்று பெயரிட்ட இரண்டு போட்டோக்களை ஏற்றியிருந்தார். திரையில் இரண்டு இடத்திலும் அம்மாவின் படம். டிஸ்கில் பார்த்தால் ஒரே ஒரு ஃபைல், பெயர் ஐந்து கேள்விக்குறிகள். அந்த சர்வரில் லோகேல் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) அமைக்கப்படவில்லை, அதனால் ஜாவா 8 ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொண்ட ஆஸ்கியாக எழுதியது. அ, ப, புள்ளி, ப, துணைக்கால். அ, ம, புள்ளி, ம, துணைக்கால். கணினிக்கு இரண்டும் ஐந்தைந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறி. இரண்டாவது வந்து முதலாவதை அழித்துவிட்டது. லோகேலை, தமிழையும் எழுதத் தெரிந்த யூடிஎஃப்-8 ஆக்கினேன். அதோடு நிற்காமல், டிஸ்கில் யூயூஐடி பெயர் (கணினி உருவாக்கும், திரும்ப வராத அடையாள எண்), மாணவர் வைத்த பெயர் டேட்டாபேஸில் என்று பிரித்துவிட்டேன். தமிழில் பெயர் வைப்பவர்கள் பயன்படுத்தும் எந்த அப்ளிகேஷனுக்கும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஃபோல்டரின் பாதையைக் கோடுக்குள் எழுதாமல், கான்டெக்ஸ்ட் ஃபைலில் என்விரான்மென்ட் டேகாக வைத்திருந்தேன். ஒருநாள் பழைய வார் ஃபைலை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டபோது அந்த கான்டெக்ஸ்ட் ஃபைலும் சேர்ந்து போய்விட்டது. வார் ஃபைலை அழித்தால் அதற்குரிய கான்டெக்ஸ்ட் ஃபைலும் போகும் என்று டாம்கேட் ஆவணத்திலேயே இருக்கிறது. பிறகு பாதையை ஜாவா ஆப்ஷனாக, சர்வீஸின் அமைப்பு ஃபைலில் வைத்தேன். அது அசையவில்லை.

ஃபோல்டர் இப்போது தனி டிஸ்கில். ஒருமுறை அந்த டிஸ்க் மவுன்ட் ஆகும் (ஃபோல்டரோடு இணையும்) முன்பே டாம்கேட் கிளம்பி, காலி மவுன்ட் பாயின்டுக்குள் காலை முழுக்க எழுதிவிட்டது. டிஸ்க் மவுன்ட் ஆகும்வரை காத்திருக்கச் சொல்லும் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் வரியை சிஸ்டம்டியில் சேர்த்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக டாம்கேட் 10-க்கு மாறினோம். ஜாவாஎக்ஸ் பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தாவாக மாற்றவே ஒரு வாரம் ஆனது. சர்வீஸின் பெயர் மாறியதால், சிஸ்டம்சிடிஎல் எடிட்டில் நான் சேர்த்த பழைய வரிகள் கூடவே வரவில்லை, அந்த வரிகளை மட்டும் திரும்ப எழுதினேன். ஃபோல்டரை யாரும் தொடவில்லை. அன்று மாலை, 2015-இல் அந்தப் பெண் இரண்டாம் முறை ஏற்றிய மதிப்பெண் பட்டியலைத் தேடித் திறந்தேன். திறந்தது.