பழைய வசதியை எடுப்பது எப்படி: திகதியா, இரட்டைப் பதிப்பா, ஒத்திகை நிறுத்தமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நெல் கொள்வனவு நிலையங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் செயலி செய்து கொடுப்பவர்கள், பழைய பதிவு முறையை என்றோ ஒரு நாள் எடுத்தே ஆகவேண்டும். அதற்கு வழிகள் சில உண்டு. வன்னிக்கு எல்லாம் ஒரேயளவு பொருந்தாது.

திகதி குறித்து நிறுத்துவதில் செலவு குறைவு. அடோபி நிறுவனம், உலாவியில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளை நிறுத்தப்போவதாக 2017 யூலையில் அறிவித்து, 2020 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தது. அவ்வளவு காலம் கொடுத்தாலும் ஒரு குறை தீராது: அறிவித்தல் மின்னஞ்சல் தலைமை அலுவலகத்துக்குப் போகும், தராசடியில் நின்று பதிபவருக்குப் போய்ச் சேராது.

பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டும் இரட்டைப் பதிப்பில் பயனருக்கு ஒன்றுமே உடையாது. இணையக் கட்டணச் சேவையான ஸ்ட்ரைப் ஒவ்வொரு கணக்கையும் அது தொடங்கிய ஏபிஐ (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) பதிப்பிலேயே வைத்திருக்கிறது. புதிய விடையைப் பழைய வடிவுக்கு மாற்றித் தருவது இடையிலுள்ள சிறு நிரல்கள். மூன்று நான்கு பேர் கொண்ட குழு இரண்டு பதிப்புக்கு மேல் தாங்காது. கவனிக்க வேண்டிய இடம் வேறு. புதிய பதிப்பு நெல்லின் ஈரப்பதத்தையும் கேட்கிறது, பழையது எடையை மட்டும் அனுப்புகிறது என்று வையுங்கள். வெற்றிடத்தில் 0 என்று நிரப்பினால், ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லின் விலை விழும். அந்த இடத்தை வெறுமையாகவே சேமித்து, விலைக் கணக்கைக் கையால் சரிபார்க்க நிறுத்திவைக்க வேண்டும்.

பயனர்களில் 5 வீதம், பிறகு 25 வீதம் என்று பழைய வசதியைப் படிப்படியாக மறைத்துக்கொண்டு போவது பெரிய தளங்களுக்குச் சரி. 40 நிலையங்களில் 5 வீதம் என்றால் இரண்டே நிலையம். பக்கத்து நிலையத்தில் திரை வேறாக இருந்தால், ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகுவதும் கெட்டுவிடும்.

எங்கள் தெரிவு ஒத்திகை நிறுத்தம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021 ஓகஸ்ட் 13இல் கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) வேலைகளுக்குக் கடவுச்சொல் ஏற்பதை விடுமுன், சொல்லிவைத்த சில மணிநேரம் மட்டும் நிறுத்திக் காட்டியது. கடிதம் வாசிக்காதவரும் அப்போது விழித்துக்கொள்வார். வேலைநாள் காலை 10 மணிக்குப் பத்து நிமிடம், அடுத்த கிழமை ஒரு மணிநேரம், அதற்கடுத்த கிழமை அரைநாள் என்று கூட்டலாம். சேர்வர் 503 (‘இப்போதைக்கு முடியாது’ என்ற குறியீடு) அனுப்பினால் பல செயலிகள் தாமாகவே திரும்ப முயன்று வென்றுவிடும், ஒருவருக்கும் தெரியவராது. 410 (‘இது நிரந்தரமாக நீக்கப்பட்டது’ என்ற குறியீடு) அனுப்பினால் தெரியும். ஆனால் சில செயலிகள் அதைக் கண்டதும் கைபேசியில் தேங்கியிருக்கும் பதிவையே அழித்துவிடும். முதலில் ஒரு கைபேசியில் சோதியுங்கள். பிழைச்செய்தி தமிழில், என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்ற விபரத்தோடு இருக்கட்டும்.

எந்த வழியானாலும் 30 நாள் பாவனைப் பதிவை நம்பக்கூடாது. காலபோக அறுவடையில் மட்டும் திறக்கும் அறிக்கை, நவம்பரில் பார்த்தால் யாருக்கும் வேண்டாததுபோல் தெரியும். காலபோகம், சிறுபோகம் இரண்டையும் உள்ளடக்கிய முழு ஆண்டைப் பாருங்கள். காலபோக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் எதையும் நிறுத்தாதீர்கள்.

மூடும் ஒழுங்கும் முக்கியம். புதிய பதிவு செய்யும் பொத்தானை முதலில் எடுங்கள். பழைய வடிவில் வரும் தரவைப் பெறும் வாசலைக் கடைசியில் மூடுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் கைபேசியில் கிடக்கும் பதிவு பல நாள் பிந்தியும் வரும். தரவுத்தள அட்டவணையின் பழைய நெடுவரிசையை (column) அடுத்த போகம் முடியும்வரை நீக்க வேண்டாம்.