ஏ.ஐ.ஜி.ஏ. நூற்றாண்டு: விழா முடிந்தபின் கையில் என்ன இருக்கிறது?

தொழில்முறை கிராபிக் டிசைனர்களின் சங்கம் ஒன்று நூறு வயதைத் தொடும்போது என்ன செய்ய வேண்டும்? அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி.ஏ. (அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கிராபிக் ஆர்ட்ஸ்) 2014-ல் நடத்திய நூற்றாண்டு இதற்கு நல்ல பாடம். விருது விழா, எழுத்துருக் கண்காட்சி, நூறாண்டு டிசைனைச் சொல்லும் தனி இணையதளம் ஆகியவை அதில் முக்கியமானவை. எங்கள் மதிப்பீட்டில் கண்காட்சி முதலிடம், இணையதளம் அடுத்தது, விருது விழா கடைசி. ஆனால் இந்தச் சங்கத்தின் மிகப் பெரிய கொடை, விழாவுக்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே வெளியானது. அதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

சங்கம் பிறந்ததே ஒரு கண்காட்சி வேலையில்தான். 1914-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புத்தக, அச்சுக்கலைக் கண்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்கப் படைப்புகளைத் திரட்டும் பொறுப்பு நியூயார்க்கின் நேஷனல் ஆர்ட்ஸ் கிளப்புக்கு வந்தது. அந்த வேலையில் இறங்கியவர்களிடமிருந்து உருவானதுதான் இந்தச் சங்கம். அதனால் நூற்றாண்டுக்கும் கண்காட்சி வைத்தது மிகப் பொருத்தம்.

'செஞ்சுரி' என்ற அந்தக் கண்காட்சி எழுத்துருக்களைத் தயாரிக்கும் மோனோடைப் நிறுவனத்தோடு சேர்ந்து, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த சங்கத்தின் காட்சிக்கூடத்தில் 2014 மே மாதம் தொடங்கியது. கண்காட்சியை வடிவமைத்தவர் டிசைனர் ஆபட் மில்லர். தலைப்புக்கு இரண்டு பொருள்: நூறு ஆண்டு என்பது ஒன்று, 1890-களில் 'செஞ்சுரி' என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காக வெட்டப்பட்ட அதே பெயருள்ள எழுத்துரு இன்னொன்று. எழுத்துகளின் மூல வரைபடங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் எழுத்துரு எவ்வளவு கைவேலை என்பது உறைக்கும். மோனோடைப் முறையில் ஒவ்வோர் எழுத்தையும் முதலில் சுமார் 10 அங்குல உயரத்துக்குப் பென்சிலில் வரைவார்கள். அதைப் பார்த்து வார்ப்புருத் தகடு செய்வார்கள். பான்டோகிராஃப் இயந்திரம் அந்தத் தகட்டின் விளிம்பைத் தடவியபடியே எஃகு அச்சைச் சிறிதாக வெட்டும். வரைபடத்தில் ஒரு வளைவு லேசாகப் பிசகினாலும் அந்தப் பிசகு, எஃகு அச்சின் வழியாக, கடைசியில் வார்க்கப்படும் ஈய எழுத்து வரை இறங்கிவிடும்.

இதுபோல் பழைய தாள்களை வைப்பவர்கள் வெளிச்சத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். அதற்கு மேல் போனால் தாள் மஞ்சளாகும், மை மங்கும். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழவே கூடாது.

இணையதளம் வரலாற்றை ஆண்டு வரிசையில் அடுக்காமல் இணைப்பது, தெரிவிப்பது, உதவுவது, மகிழ்விப்பது, தாக்கத்தை உண்டாக்குவது என்று டிசைனின் ஐந்து நோக்கங்களாகப் பிரித்தது. இது துணிச்சலான முடிவு. ஒரு போஸ்டரும் ஒரு விண்ணப்பப் படிவமும் ஏன் ஒரே தொழிலைச் சேர்ந்தவை என்று டிசைனர் அல்லாதவருக்கும் புரிந்துவிடுகிறது. இப்படிப் பிரிக்கும் சங்கங்கள் ஆண்டு, டிசைனர், வாடிக்கையாளர் வாரியாகத் தேடும் வழியையும் கூடவே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் திணறுவார். விழாவுக்கென்று தனி முகவரியில் கட்டிய தளங்களுக்குப் புதுப்பிக்க ஆளில்லாமல் போவதும் வாடிக்கை. படத்தின் மூலக் கோப்பையும் அளவு, அச்சு முறை, ஆண்டு, உரிமையாளர் விவரங்களையும் ஒரு காப்பகத்தில் சேர்த்தபின் தளத்தைக் கட்டுவதே சரியான வரிசை.

விருது விழாவில் 24 பேருக்குப் பதக்கம். 1920-ல் நார்மன் மண்டர் என்ற அச்சகத்தாரிடம் தொடங்கிய கௌரவம் இது. சிப் கிட், லூயிஸ் ஃபிலி, டேவிட் கார்சன், நாசாவின் பெயரை வளைந்த கோடுகளில் எழுதிய 'புழு' லோகோவை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் டேன் என எல்லோரும் தகுதியானவர்கள்தான். ஒரே இரவில் இத்தனை பேர் என்றால் ஒவ்வொருவரின் வேலையையும் நின்று பேச நேரம் எங்கே இருக்கும்? அமெரிக்காவின் 2000-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை எளிதாக்க உழைத்து, 2011-லேயே மறைந்துவிட்ட, இந்த 24 பேரில் ஒருவரான சில்வியா ஹாரிஸுக்கு மட்டுமே ஒரு முழு மாலை ஒதுக்கலாம்.

இனி அந்தக் கொடை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக ஏ.ஐ.ஜி.ஏ. செய்த அறிவிப்புச் சின்னங்கள் அவை. 1974-ல் 34, 1979-ல் மேலும் 16, ஆக 50. கழிப்பறை, லிஃப்ட், டாக்சி, பயணப்பெட்டி என்று விமான நிலையங்களில் நாம் பார்க்கும் உருவங்கள். வரைந்தவர்கள் ரோஜர் குக், டான் ஷனோஸ்கி. டிசைனர் தாமஸ் கைஸ்மர் தலைமையிலான குழு முதலில் பல நாடுகளில் புழங்கிய சின்னங்களைத் திரட்டியது. பொருள் புரிகிறதா, மற்றச் சின்னங்களோடு ஒட்டிப்போகிறதா, தூரத்திலிருந்தும் மங்கிய வெளிச்சத்திலும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் மூன்று கோணத்தில் சோதித்தது. பஸ், கோப்பை போன்ற பொருளைக் காட்டும் சின்னம் சட்டென்று புரியும். டிக்கெட் வாங்குவது போன்ற செயலைக் காட்டுவது அவ்வளவு எளிதில் புரியாது என்று தன் அறிக்கையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. பலகைகளை அளவுக்கு மீறிக் குவிப்பதும் ஆபத்து என்று எச்சரித்தது.

ஐம்பதும் இலவசம், காப்புரிமைத் தடை கிடையாது. தரவிறக்கும்போது, எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கெடாத வெக்டர் கோப்பாகவே எடுங்கள். கூகுளில் கிடைக்கும் சாதாரணப் படத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு பிசிறடிக்கும். அகலத்தை மட்டும் இழுத்தால் தலை வட்டம் முட்டையாகிவிடும். இன்னொரு தொகுப்பின் சின்னத்தை இடையில் கலந்தால் கோட்டின் தடிமன் ஒத்துப்போகாது.

பலகைகளுக்காக ஒட்டும் வினைல் தாளில் சின்னங்களை வெட்டுபவர்கள் லிஃப்ட் சின்னத்தைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் மூன்று பேர், மேலே இரண்டு அம்புக்குறிகள். ஒவ்வொரு தலைக்கும் தோளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. சின்ன அளவில் வெட்டினால், தேவையற்ற பகுதியை உரிக்கும்போது அந்த இடைவெளி சரியாக நிற்காது. அவ்வளவு சின்னதாக வேண்டுமென்றால் வெட்டாமல் பிரின்ட் போட்டு லேமினேட் செய்துவிடுங்கள். இடைவெளி அப்படியே நிற்கும்.